ஒரு மண்டலம் உட்கார்ந்து பாருங்கள்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது. "கண்ணை மூடினால் கரண்ட் பில், மகளின் ஸ்கூல் பீஸ், சண்டை போட்ட நாத்தனார் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. எனக்குத் தியானம் வராது போலிருக்கிறது சார்" என்று எழுதியிருந்தார் ஒரு வாசகி. அவருக்கு எழுத நினைத்த பதிலையே இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அம்மா, நானும் இதையே சொன்னவன்தான். முதல் நாள் விடியற்காலை ஹாலில் கோரைப்பாயை விரித்துச் சம்மணம் போட்டேன். கால் மரத்துப்போனது. வெகுநேரம் ஆகிவிட்டது என்று கண் திறந்து கடிகாரத்தைப் பார்த்தால் நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

மறுபடி விரிக்க வைத்தது ஒரு பழைய வரிசை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளைச் சொல்கிறார். இயமம், நியமம் என்று தொடங்கும் அந்த வரிசையில் தியானம் ஏழாவது. அதற்கு முந்தின படி தாரணை, அதாவது மனத்தை ஒன்றில் நிறுத்திப் பழகுவது. ஆக, புதிதாக உட்காருகிற நாம் செய்வது தாரணைக்கான பயிற்சி. மனம் ஓடுகிறது என்று நீங்கள் வருந்துவது, நீச்சல் பழகப் போன முதல் நாளே கிணற்றைக் குற்றம் சொல்வது போல. பத்து நாள் விபாசனா தியான முகாமில்கூட முதல் மூன்று நாளும் இயல்பாக வந்து போகிற மூச்சைக் கவனிக்க மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். போர்வையை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் வைத்தால் முழங்கால் தானாகத் தரையில் இறங்கும், முதுகு நிமிரும். மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், ஒரு குறையும் இல்லை. பத்து நிமிடத்துக்குச் செல்போனில் அலாரம் வைத்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். மூக்கு நுனியைக் கவனியுங்கள். உள்ளே போகிற மூச்சு கொஞ்சம் குளிர்ந்திருக்கும்; வெளியே வருவது இளஞ்சூடாக மேலுதட்டைத் தொட்டுப் போகும். இந்த வித்தியாசம் பிடிபடவே சில நாள் ஆகலாம். வெளியே வருகிற ஒவ்வொரு மூச்சையும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிலேயே நாத்தனார் வந்துவிடுவார். வரட்டும், கோபப்படாதீர்கள். "அட, நினைவு அங்கே போய்விட்டதே" என்று தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்பி வந்தால் முப்பது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு.

நேரம் எது? ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். நான் பல் துலக்கியதும் உட்காருகிறேன். காபி அதற்குப் பிறகுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து, ஒரு பழக்கம் படிய எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்துக் கணித்ததில் ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும், நடுமட்டமாக 66 நாள் என்று வந்தது. எனக்குப் பிடித்தது அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை. ஊருக்குப் போனோம், காய்ச்சல், கல்யாண வீடு என்று விட்டுப்போகத்தான் செய்யும். மறுநாள் உட்கார்ந்தால் போதும்.

ஒன்றை மட்டும் அக்கறையோடு சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கண் மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறது என்றாலும் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்; எழுந்து விடுங்கள்.

நம் ஊரில் எதையும் ஒரு மண்டலம் செய்து பார் என்பார்கள். 48 நாள். வாசகி அம்மாவும் மற்றவர்களும் நாளைக் காலையே தொடங்குங்கள். 48-ஆம் நாள் எனக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்