மனந்திரும்பாதவர் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரத் தோழி ஒருத்தி இராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறாள். அங்கே வேலை பார்க்கும் தலித் கிறிஸ்தவர் ஒருவரைக் காதலித்தாள். இவளும் கிறிஸ்தவள்தான், ஆனால் 'வேறு ஆட்கள்'. ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்கக் கேட்டார்கள். பெற்றோர் சம்மதமில்லை என்று மறுத்துவிட்டார்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆலயத்துக்கு வெளியே மணமுடித்த குற்றத்துக்காகச் சபை அவளைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தது. உள்ளே செய்ய விடாதவர்களே வெளியே செய்ததற்குத் தண்டனை கொடுத்தார்கள்!

இதற்குப் பெயர் சபை ஒழுங்கு. ஆதாரம் மத்தேயு 18ஆம் அதிகாரம். தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும், பிறகு ஓரிருவரோடு போய்ப் பேச வேண்டும், பிறகு சபைக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் மசியாதவர் அந்நியர். குடிக்கும் இரண்டாம் தாரத்துக்கும் இந்தச் சட்டம் பாய்ந்து பார்த்திருக்கிறேன். சாதி பார்த்ததற்காக ஒருவரை நிறுத்திவைத்ததாக என் வயதுக்குக் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அப்படி ஒரு காலம் இருந்தது. சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்காக வாதாடியவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். இதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே போனது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, யார் சமைத்தாலும் சாப்பிட வேண்டும் என்றது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதை ஏற்கவில்லை. சாதி சமூக வழக்கம், அதை இப்படிச் சோதிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதா? நாலு வருடம் கழித்துத்தான் ராக்லண்ட் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகப் பிரசங்கிக்க வந்தார். நம் வட்டாரத்துச் சபைகள் பல அதற்குப் பிறகு வளர்ந்தவை.

கத்தோலிக்கர் பக்கமும் கதை உண்டு. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்த தடுப்பை 1910இல் கௌசானல் அடிகளார் அகற்றினார். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்தத் தடுப்புக்கு மறுபக்கம் நின்றவர்களில் நாடார்களும் உண்டு. இன்று தென்மாவட்டச் சபைகளில் சாதி பேசுகிறவர்களுக்கு அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

மிஷனரிகளைப் புனிதர்களாக்க இதைச் சொல்லவில்லை. வெள்ளைக்கார அதிகாரத்தோடு வந்த கட்டளை அது. வரிசை மாறியது, மனம் மாறவில்லை. தண்டிக்கும் அதிகாரமே சபைக்கு வேண்டாம் என்கிற தோழர்களோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த அதிகாரம் இருக்கிறது, என் தோழி மேல் பாய்ந்திருக்கிறது. வரன் விளம்பரத்தில் கிறிஸ்தவர் என்று போட்டுப் பக்கத்திலேயே சாதியும் போடுகிறாரே, அவரிடம் மத்தேயு சொன்ன முதல் படிக்காவது, தனியாகப் பேசவாவது, எந்தப் போதகர் போனார்?

போன மாதம் தோழிக்குச் சேதி வந்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திருவிருந்தில் சேர்த்துக்கொள்வார்களாம். அவள் எழுதவில்லை.