ஒரே வாயிலை நம்பலாமா?

2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 3 அன்று அங்கு வாட்ஸ்அப், முகநூல் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் பல மணிநேரம் தடைசெய்யப்பட்டன. புரொக்சி, வி.பி.என். முதலிய மாற்றுவழிகளை முன்கூட்டியே அறிந்தோர் தடையைக் கடந்தனர், அறியாதோர் காத்திருந்தனர்.

தடை மட்டுமன்று, சாதாரணப் பழுதும் வாயிலை அடைக்கும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இணையப் பாவனையை ஒரேயொரு புரொக்சி வழங்கியூடாகச் செலுத்தும் தமிழ்ப் பாடசாலைகளும் சங்கங்களும், வெம்பிளியிலாயினும் வேறெங்காயினும், இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

வழி எளிது. உலாவியின் தன்னியக்க அமைவுக் கோப்பில் இரண்டு வழங்கிகளை வரிசையாகக் குறிப்பிட்டால், முதலாவது பதிலளிக்காவிடின் உலாவி தானாகவே இரண்டாவதை நாடும். ஆயினும் இரண்டும் ஒரே மின்சாரத்திலும் ஒரே இணைய இணைப்பிலும் தங்கியிருப்பின் பயன் குறைவு. வரிசையின் இறுதியில் நேரடி இணைப்பை அனுமதிப்பதும் ஆபத்தானது: இரு வழங்கிகளும் செயலிழந்தால், சிறுவர்க்கான வடிகட்டலும் உடன் அகன்றுவிடும்.

இவற்றை அமைக்கும் ஆற்றல் தமிழ் இளையோரிடம் உண்டு. பெற்றோரே, அப்பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். இளையோரே, மாதம் ஒருமுறை முதலாவது வழங்கியை நிறுத்தி, இரண்டாவது இயங்குகின்றதா எனச் சோதியுங்கள். சோதித்தறியாத மாற்றுவழியை நம்பியிருத்தல் தகாது.