ஞானோபதேசம் சிறுவர்க்கு மாத்திரமா?

பிள்ளைக்கு உறுதிபூசுதல் முடிந்துவிட்டது. இனியும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புதல் வேண்டுமா? கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பங்குத் தந்தையரிடம் கேட்கும் வினா இது. வாய் திறந்து கேளாதவர்களும் தம் செய்கையால் விடை பகர்ந்துவிடுகின்றனர். முதல் நன்மைக்கு ஆயத்தஞ் செய்யுங் காலத்திற் பிள்ளைகள் இடமின்றி நெருங்கியிருந்த வாங்குகள், உறுதிபூசுதல் கழிந்த சில வாரங்களிலேயே பாதி வெறுமையாகிவிடுகின்றன. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது; ஞாயிறு காலையிற் கணித வகுப்பு, மாலையில் விஞ்ஞான வகுப்பு. பிள்ளையைக் குறை கூறுவது எளிது. அப்பிள்ளையின் தந்தையும் தாயும் எந்த வயதில் அவ்வாங்கை விட்டு எழுந்தனர் என்பதையே நாம் கேட்க விரும்புகிறோம்.

இவ்வினாவுக்கு அடியில் ஒரு தப்பெண்ணம் கிடக்கிறது. ஞானோபதேசம் சிறுபிள்ளைகளுக்குரியது, வளர்ந்தவர்கள் பூசை கண்டு, செபமாலை சொல்லி, திருநாளுக்குக் காணிக்கை கொடுத்தாற் போதும் என்பதே அது. வைத்தியர் தம் தொழிலில் ஆண்டுதோறும் புதியன கற்கிறார். கடற்றொழிலாளர் புதிய இயந்திரத்தின் நுட்பத்தை நாற்பது வயதிலும் கேட்டறிகிறார். விசுவாசம் ஒன்று மாத்திரம் பதினான்கு வயதிற் கற்ற வினாவிடைகளோடு நின்றுவிட வேண்டுமென்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை. நம் முன்னோர் அவ்வாறு கருதினார்களா என்று பார்ப்போம்.

1542ஆம் ஆண்டிற் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும் தாம் ஏற்றுக்கொண்ட சமயத்தை அவர்களுக்கு விளக்குவாரில்லை. சவேரியார் தமிழறிந்தாரைத் துணைக்கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனனஞ் செய்து, கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று மக்களைக் கூட்டினார். சிறுவர்கள் தாம் கற்றவற்றை வீட்டிலே தாய் தந்தையர்க்கும் அயலவர்க்கும் கற்பிக்க வேண்டுமென்பது அவருடைய ஏற்பாடு. அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் இதனைக் காணலாம். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுத் தந்தை மதிலோரத்தில் மோட்டார்ச் சைக்கிளில் அமர்ந்திருக்கும் இக்கால முறைக்கு இது நேர்மாறானதன்றோ?

சவேரியார் வந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 1578ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆந் திகதி, கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் வெளியாயிற்று. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் ஆக்கிய பதினாறு பக்கச் சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் இதுவே என்பதை மாணவர்கள் அறிவார்கள். அது ஒரு ஞானோபதேச நூல் என்பதையோ, பாலர் பாடசாலையை மாத்திரம் எண்ணி எழுதப்பட்டதன்று என்பதையோ பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கடலில் முத்துக் குளித்த ஆடவரும், அவர்தம் மனைவியரும், மக்களும் ஒருங்கே அதனைப் பயின்றனர். 1586இல் அதே அடிகளார் புனிதர்களின் வரலாறுகளைப் பருத்ததொரு நூலாகவும் அச்சிட்டார். வளர்ந்தோர்க்குப் பயன்படும் என்றெண்ணாமல் இத்துணைப் பெரிய முயற்சியில் எவரும் இறங்கியிரார்.

நமது நாட்டின் செய்தி இதனினும் வலியது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலங் கொடுத்தலும் குற்றமாயிற்று. 1687இற் புனித யோசேவாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைவாகப் பணி தொடங்கினார். இடையிற் கழிந்தவை இருபத்தொன்பது ஆண்டுகள். ஒல்லாந்தர் வந்த ஆண்டிற் பிறந்த பெண் குழந்தை, அடிகளார் வந்தபோது தானே பிள்ளை பெற்ற தாயாக இருந்திருப்பாள். தங்கியிருந்து போதிக்கும் குருவானவரை அவள் கண்டிராள். ஆயினும் அடிகளாரை இனங்கண்டு வரவேற்கக் கத்தோலிக்கர் இருந்தனர். அவளுக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்பித்தவர் யார்? இராக்காலத்தில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு செபஞ் சொன்ன தாயும் தந்தையும், ஊரின் மூப்பருமே. தாம் அறியாததைப் பிறர்க்குக் கற்பித்தல் எவராலும் ஆகாது. வளர்ந்தோர் அறிந்திருந்தமையாற்றான் அன்று மறை பிழைத்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியபோது நாம் அடிகளாரைப் போற்றினோம். அவர் வருமளவும் விளக்கை அணையாது காத்த பெயரறியாப் பெற்றோரைப் போற்றினார் சிலரே.

அங்ஙனமாயின், ஞானோபதேசம் சிறுவரோடு நின்றுவிட்டது எப்போது? 1905இற் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், ஞாயிறுதோறும் சிறுவர்க்கு ஒரு மணி நேரம் மறை கற்பிக்குமாறு பங்குத் தந்தையர்க்குக் கட்டளையிட்டார். அக்கட்டளை நன்றாக நினைவிருக்கிறது. அதே நிருபத்தில், வளர்ந்தோர்க்கும் ஞாயிறு, திருநாட்களிற் பூசைப் பிரசங்கத்தின் வேறாகப் போதனை நடத்தி, நான்கைந்து ஆண்டுகளில் மறை முழுவதையும் விளக்கி முடிக்க வேண்டுமென்றும் அவர் பணித்திருந்தார். இதனை ஏனோ பெரும்பாலும் மறந்தோம். 1910இல் அவரே முதல் நன்மைக்குரிய பருவம் ஏறத்தாழ ஏழு வயதென விதித்தார். அது நல்ல விதியே. ஆயினும் மறைக்கல்வி இன்னும் இளமையிலேயே தொடங்கி இளமையிலேயே முடிந்துபோவதற்கு நம்மவர் அதனைச் சாட்டாக்கிக் கொண்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1971இல் வெளியான மறைக்கல்வி வழிகாட்டி நூல், வளர்ந்தோர்க்குரிய போதனையையே தலையாயதெனக் கூறிற்று. 1979இற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் அதனை வலியுறுத்தினார். ஏடுகளில் உள்ளது, வாங்குகளிலோ இன்னும் சிறுவரே இருக்கின்றனர்.

இப்பகுதியை வாசிக்கும் சைவ அன்பர்கள் இதனை அயலார் விடயமென ஒதுக்க வேண்டியதில்லை. கோயில் மண்டபத்தில் ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் கந்தபுராண படனம், முதியோரும் இளையோரும் ஒருங்கிருந்து கற்ற பள்ளிக்கூடமன்றி வேறென்ன? அங்கும் கேட்போர் தொகை குறைந்துவருகிறதென்றே அறிகிறோம்.

கத்தோலிக்கப் பங்குகளில் அத்தகைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. தபசுகாலம் வந்ததும் வியாகுலப் பிரசங்கம் பாடும் வழக்கத்தைச் சொல்கிறோம். யோசேவாஸ் அடிகளாருக்குத் துணையாக 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றியது அது. கோவையிலே கொங்கணி பேசும் குடும்பத்திற் பிறந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் செய்த பேரறிஞர் அவர். அவருடைய பசாமைக் கேட்டு வளர்ந்தோர் இன்றும் வடபுலத்திலும் மன்னாரிலும் உளர். பாடுவோர் இருபுறமும் இருந்து மாறி மாறி ஓத, தாயின் மடியிற் கிடந்த குழந்தை பாதியில் உறங்கிவிடும். அக்குழந்தையும் அன்று எதையோ கேட்டது. பத்து வயதில் அவனுக்குச் சேவல் கூவியதும், சேவகர் கையிலிருந்த பந்தங்களுமே மனத்தில் நிற்கும். இருபதில் இராயப்பர் மறுதலித்த இடத்தில் அவன் சற்றே தலை குனிவான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சிலுவையடியில் நின்ற மாதாவின் புலம்பல் தன்னுடைய புலம்பலாகவே கேட்கும். எண்பது வயதுக் கிழவர் நல்ல கள்வனின் மன்றாட்டு வரும் வரையில் விழித்திருப்பார். பாடம் ஒன்று, அதனை ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு, வயதுக்கேற்பப் புதிதாக விளங்கிக்கொண்டார்கள். எந்த வகுப்பும் எந்தப் பரீட்சையும் இதனைச் செய்துவிட முடியாது என்பது நமது துணிபு.

கூத்தும் அவ்வாறே. குருநகர், பாஷையூர், நாவாந்துறை முதலிய கரையோர ஊர்களில், எழுத்தறியாதவரும் அண்ணாவியாரிடம் மாதக்கணக்காக இருந்து நூற்றுக்கணக்கான அடிகளை வாய்ப்பாடமாகக் கற்றனர். அவர்கள் ஆடிய கதைகளுள் ஒன்று தேவசகாயம்பிள்ளையின் வரலாறு. திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த அவர், துன்பமுற்ற காலத்தில் டிலனாய் என்னும் ஒல்லாந்தத் தளபதியிடம் திருமறையைக் கேட்டறிந்து, 1745இல், முப்பதைக் கடந்த வயதில் ஞானஸ்நானம் பெற்றார்; 1752இற் கொல்லப்பட்டார்; 2022இற் புனிதராக உயர்த்தப்பட்டார். வளர்ந்த ஒருவர் வளர்ந்த ஒருவருக்கு, அதுவும் குருவல்லாத ஒரு போர்வீரர், மறை கற்பித்த கதை அது. விடிய விடிய அதனைப் பார்த்த ஊரார், மறைக்கல்வி சிறுபிள்ளை விடயமென்று எங்ஙனம் எண்ணியிருப்பர்?

போரும் இடப்பெயர்வும் இவ்வழக்கங்களைச் சிதைத்தன. ஊர் விட்டு ஊர் ஓடியவர்கள் உயிரைக் காத்ததே பெரிது. மீண்டு வந்த இடங்கள் சிலவற்றிற் பசாம் பாட ஆளில்லை. ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் விட்டுவிட்டு இருக்கின்றனர். ஊரெங்கும் கேட்கத்தான் செய்கிறது. கற்பதற்கு ஒருவருமில்லை.

இதனாலென்ன என்பாருக்கு ஒன்று கூறுவோம். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பிலே சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. பூசைக்குப் போனவர்களைக் கடவுள் ஏன் காக்கவில்லை என்று அன்றிரவு எத்தனை பிள்ளைகள் பெற்றோரைக் கேட்டிருப்பார்கள்! அவ்வினாவுக்குரிய விடை முதல் நன்மை வினாவிடையில் இல்லை. தாய் மறைக்கல்வி ஆசிரியையிடம் அனுப்பிவைக்கக்கூடிய வினாவுமன்று அது. இத்துணைப் பெரியதாயிராவிடினும், வேற்றுச் சமயத்தவரை மணம் பேசும் மகளும், வெளிநாட்டிலிருந்து இனித் தான் கோயிலுக்குப் போவதில்லையென்று தொலைபேசியிற் கூறும் மகனும், மருத்துவமனையில் நாள் எண்ணிக் கிடக்கும் கணவரும் ஒவ்வொரு வீட்டிலும் வினா எழுப்பத்தான் செய்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பாடமாக்கிய ஒற்றை வரி அங்கே உதவுவதில்லை. விடை தெரியாதபோது சிலர் சினக்கின்றனர், பலர் மௌனமாகின்றனர். பிள்ளைகள் அம்மௌனத்தை நன்றாக விளங்கிக்கொள்கின்றனர்.

இனிச் செய்யக்கூடியது யாது? பெருந் திட்டங்களில் நமக்கு நம்பிக்கை குறைவு. முதல் நன்மைக் காலத்திற் பெற்றோரைக் கூட்டுவது வழக்கம். அக்கூட்டத்தில் வெள்ளுடை, புகைப்படம், விருந்து ஆகியவற்றைப் பற்றியே நேரம் போய்விடுகிறது. அவற்றுக்குக் கால் மணி நேரத்தை விட்டு, எஞ்சிய நேரத்திற் பிள்ளை கற்கும் பாடத்தையே பெற்றோரும் தம் வயதுக்கேற்பக் கற்பாராயின், ஒரு பங்கில் ஐந்தாண்டுகளில் எத்தனை குடும்பங்கள் மாறும்! சனி இரவு மறுநாள் வாசிக்கப்படும் சுவிசேஷத்தை வீட்டில் ஒருவர் உரத்து வாசித்தல் இன்னொன்று. இதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பத்து நிமிடம் போதும்.

இளைஞர்க்கு வேண்டியது வேறு. கேள்வி கேட்க இடங் கொடுக்கும் அறை அவர்களுக்கு வேண்டும். விஞ்ஞானத்தையும் படைப்பையும் பற்றிக் கேட்டவனை அடக்கி இருத்தும் வகுப்புக்கு அவன் மறுமுறை வாரான். வந்தாலும் வாய் திறவான். மறைக்கல்விக்குப் புள்ளியிட்டுப் பரிசு வழங்கும் வழக்கத்தைச் சிறுவரோடு நிறுத்திக்கொள்வது நன்று.

முதியவர்களுக்கு எல்லாந் தெரியுமென எண்ணுதலும் தவறு. இன்று எண்பதை எட்டியவர்கள் இளமையில் இலத்தீன் பூசை கண்டு, செபப் புத்தகத்தைக் கையிற் பிடித்து வளர்ந்தவர்கள். வேதாகமத்தைத் திறந்து வாசிக்க அவர்களை அக்காலத்தில் எவரும் அதிகம் ஊக்கியதில்லை. மாலை வேளையில் அவர்களோடு அமர்ந்து வாசிக்க ஒரு மாணவி வருவாளாயின், அவர்கள் வாசிப்பைப் பெறுவார்கள். அவளோ பசாமின் இராகத்தைப் பெற்றுச் செல்வாள்.

கற்பிப்போரைப் பற்றியும் ஒரு சொல். 2021ஆம் ஆண்டு மே மாதத்திற் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினர் ஏற்கும் நிலையான திருப்பணியாக நிறுவினார். நம் பங்குகள் பலவற்றில் அப்பணியைச் சுமப்பவர்கள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் இளம் பெண்கள். அவர்களது ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் குடும்பம் நடத்தி, துன்பம் கண்டு, வாழ்ந்து பழகிய ஆண்களும் அவ்வாங்குகளுக்கு முன்னே வந்து நிற்க வேண்டும். ஆண்கள் திருநாட் குழுவோடு தம் கடன் முடிந்ததெனக் கருதுவது நமக்கு உடன்பாடன்று.

தபசுகாலத்துக்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. வியாகுலப் பிரசங்கத்தையும் கூத்துப் பாடல்களையும் கையெழுத்திற் பிரதி செய்த கொப்பிகள் சில வீடுகளில், பெட்டகத்தின் அடியிலும் அலுமாரியின் மேலும், கறையானுக்கு இரையாகிக் கிடக்கின்றன. வைத்திருப்போர் அவற்றைப் பங்குமனைக்குக் கொண்டு சென்று காட்டுவாராக. இராகம் அறிந்த பாட்டிமார் இருக்கும்போதே, அவர்களருகில் இரண்டு இளைஞரையும் இருத்திவைத்தல் வேண்டும்.