டிராக்டருக்கு எந்த பிளக் நல்லது?

பழைய டிராக்டருக்கு எந்த ஸ்பார்க் பிளக் போடலாம் என்று இணையத்தில் தேடினால் ஆலோசனைகள் கொட்டும். பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்துக்காரர்கள் எழுதியவை. மேலூர், வாடிப்பட்டி பக்கம் உழுகிற வண்டிக்கு அதில் ஒரு வரி கூட உதவாது. காரணம், இந்த வண்டிகளில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது!

இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டிஇ20 போன்றவை பெரும்பாலும் பெட்ரோலில் அல்லது மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடின. பிளக் அவற்றுக்குத்தான். இங்கே ஓடும் மாஸி ஃபெர்குசன் 1035 டீசல் வண்டி. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே, நாசில் பீய்ச்சும் டீசல் பற்றிக்கொள்ளும். தீப்பொறிக்கு வேலை இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி, டீசல் ஃபில்டர், லைனில் ஏர், நாசில்... இவற்றைத்தான் பார்க்க வேண்டும். சில டீசல் வண்டிகளில் இருக்கும் ஹீட்டர் பிளக் வேறு. அது சூடு மட்டுமே கொடுக்கும்.

அப்படியென்றால் விவசாயிக்கு பிளக் கவலையே இல்லையா? உண்டு. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்ப்செட் எல்லாமே பிளக்கை நம்பியவை. "மரை சேருதா, போடு" என்பதுதான் இங்கே பெரிய தவறு. மரைப்பகுதி நீளம் கூடினால் பிளக் பிஸ்டனில் இடிக்கும். சூட்டை அதிகம் தக்கவைக்கும் பிளக் போட்டால் பிஸ்டன் ஓட்டையாகலாம். சூட்டைச் சீக்கிரம் கடத்தும் பிளக்கில் கரி பிடிக்கும், அதுவும் மண்ணெண்ணெய் இன்ஜினில் கேட்கவே வேண்டாம்.

நம்பரிலும் ஒரு குழப்பம். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான ரகம்! எண்ணை மட்டும் பார்த்துக் கம்பெனியை மாற்றினால் நேர் எதிரானது கைக்கு வரும்.

பழைய பிளக்கைக் காட்டி "இதே மாதிரி கொடுங்க" என்பதும் சரியல்ல. முன்பு போட்டதே தவறாக இருக்கலாம். இன்ஜின் கையேட்டில் உள்ள நம்பர்தான் கணக்கு. கடைக்காரரும் முதலில் மாடலைக் கேட்க வேண்டும். அந்த நம்பரை டேங்க் மேல் பெயிண்டால் எழுதி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிளக் விலை சொற்பம். இன்ஜின் போனால் செலவும், மருந்தடிக்க வேண்டிய நாளும் விவசாயிக்குத்தான் நஷ்டம்.