வாடகை வருது சரி, லாபம் வருதா?

எங்க வீட்டில் ஒரு வாரமா பட்டிமன்றம் ஓடிக்கிட்டிருக்கு. அப்பா சீக்கிரம் ரிட்டயர் ஆகிறார். கைக்கு வரப்போவது சுமார் 30 லட்சம். திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்பது பெரியப்பா ஐடியா. "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூடுது, ஊர் வளருது. மாசம் பொறந்தா பணம் வீடு தேடி வரும்" என்கிறார். கீழ்பென்னாத்தூரில் யாரைக் கேட்டாலும் இதேதான். பி.காம் படிக்கிற நான் மட்டும் எதிர்க்கட்சி :-)

சரி, கணக்குக்கு வருவோம்.

வீட்டு விலை 27.5 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக சுமார் 2.5 லட்சம் முதல் நாளே காலி. மொத்தம் 30. பெரியப்பா சொல்ற வாடகை மாசம் 8,000. வருஷத்தில் ஒரு மாசம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால் 88,000. வீட்டு வரி 2,000. பெயின்ட், மோட்டார் ரிப்பேருக்கு 10,000. மிஞ்சுவது 76,000. அதாவது இரண்டரை சதவீதம்!

அதே 30 லட்சம் போஸ்ட் ஆபீஸில்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் வட்டியை 8.2% ஆக்கி, உச்சவரம்பையும் 30 லட்சமாக உயர்த்தினாங்க. அந்த வட்டிக்கு வருஷம் 2,46,000. மூன்று மடங்குக்கும் மேல்.

"வாடகைக்கு வரிச்சலுகை இருக்கே?" இருக்கு. வீட்டு வரி போக மீதியில் 30% கழித்துத்தான் வரி. ஆனால் 2025-26 முதல் புது முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. வரி கட்டாதவருக்குச் சலுகை எதுக்கு? செஸ் சேர்த்து 20.8% கட்டுகிறவர் என்றே வைங்க. வாடகையில் நிற்பது சுமார் 63,500, வட்டியில் சுமார் 1,94,800. அப்பவும் மூன்று மடங்கு!

"இடம் விலை ஏறுமே?" ஏறும். ஏறுவது மனை, கட்டடம் வருஷா வருஷம் தேயும். வித்தியாசமான 1.7 லட்சத்தை ஈடுகட்டவே வீட்டு விலை வருஷம் 6%-க்கு மேல் ஏறணும். விற்றால் லாபத்தில் 12.5% வரி வேற (2024 ஜூலை 23 முதல்). அதைவிட முக்கியம், அப்பா விற்கவே மாட்டார். அவசரத்துக்கு சமையலறையை மட்டும் விற்க முடியுமா?

பெரியப்பா பக்கமும் நியாயம் இருக்கு. போஸ்ட் ஆபீஸ் அசல் வளராது, வாடகை கூடும். அதனால்தான் சொல்றேன், அந்த 1.7 லட்சத்தில் பாதியை பி.பி.எஃப்.பிலும் இன்டெக்ஸ் ஃபண்டிலும் போடலாம். முழுசையும் பங்குச்சந்தையில் போடச் சொல்லலை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போச்சு. நம்ம வயசுக்கு அது தாங்கும், 60 வயசுக்குத் தாங்காது.

நம்ம ஜனங்க பேப்பரை நம்பாததுக்குக் காரணம் இருக்கு. 2022-ல் ஆருத்ரா வழக்கு வெடிச்சப்போ நம்ம ஆரணி ஆட்களும் பணத்தைப் போட்டுட்டு நின்னாங்க. மாசம் 25, 30 சதவீதம் தர்றேன்னு சொன்னதையும் அரசாங்கம் தர்ற 8.2 சதவீதத்தையும் ஒரே பையில் போடுவதுதான் தப்பு. அந்த பயத்தில்தான் நெல் வயலில் கலர் கல் நட்டவன் எல்லாம் சம்பாதிக்கிறான்.

குடியிருக்க சொந்த வீடு வேணும், அது வேற கதை. அது எங்களுக்கு இருக்கு. இரண்டாவது வீடு வியாபாரம்; வியாபாரத்தைக் கணக்குப் போட்டுத்தான் பண்ணணும்.

ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகலாம்னு பெரியப்பா நாள் குறிச்சுட்டார். இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதி அப்பாகிட்ட கொடுத்திருக்கேன். மடிச்சு சட்டைப் பையில் வெச்சிருக்கார். இன்னும் எதுவும் சொல்லலை.

டிஸ்கி: வாடகை, விலை எல்லாம் எங்க வீட்டுக் கணக்கு. உங்க ஊர் எண்ணைப் போட்டு நீங்களே ஒரு தடவை கூட்டிக் கழிச்சுப் பாருங்க.