நல்கை இரப்பன்று

தமிழ்நாட்டில் தமிழ் மன்றம் இல்லாத நகரம் அரிது. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை பொங்கலன்று ஒரு விழா, திருவள்ளுவர் நாளில் ஒரு சொற்பொழிவு என்னும் அளவில் அமைந்து விடுகின்றன. நூலகத்தின் பேழைகளில் பழைய இதழ்த் தொகுதிகள் செல்லரித்துக் கிடக்கின்றன. ஓலைச்சுவடி வைத்திருந்த குடும்பத்தார் எங்களிடம் கொடுத்தால் காப்பீர்களா என்று கேட்டு வந்தால், செயலாளர் தலை குனிகின்றார். ஏனென்று வினவினால், 'பணமில்லை' என்பதே எங்கும் விடை. பணமில்லை என்பது மெய். ஆயின், அப்பணம் எங்குளது, எவ்வாறு பெறுவது என்று உசாவிய மன்றங்கள் எத்தனை?

அவ்வாறு உசாவுதலே இழுக்கென்று கருதுவோர் நம் இயக்கத்துள் பலர். "தில்லியிடமும் வெளிநாட்டானிடமும் கையேந்துவதோ?" என்று அவர்கள் கேட்கின்றனர். தன்மானத்தினின்று பிறந்த கேள்வியாதலின் அதனை மதிக்கின்றேன், ஆனால் உடன்படுகின்றேனல்லேன். இரப்பென்பது, தனக்குரிமையில்லாத பொருளைத் தன் வயிற்றுக்கெனக் கேட்பது. பொதுப்பணிக்கென ஒதுக்கிய பொருளைப் பொதுப்பணி செய்வோன், கணக்குக் காட்டும் பொறுப்போடு கேட்பது எங்ஙனம் இரப்பாகும்?

ஒன்றிய அரசின் கருவூலத்தை எடுத்துக் கொள்வோம். அங்குள்ளது தமிழனும் செலுத்திய வரி. 2014-15 முதல் 2024-25 வரை சமற்கிருத வளர்ச்சிக்கு 2,532 கோடி உருபாவுக்கு மேலும், தமிழுக்கு ஏறத்தாழ 113 கோடி உருபாவும் செலவிடப்பட்டதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டவழிப் பெற்ற விடைகளைக் கொண்டு 2025-இல் செய்தித்தாள்கள் எழுதின. இவ்வோரவஞ்சனை கண்டு மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்க வேண்டியதே. ஆயினும் ஒன்று கேட்கின்றேன். கொல்கத்தாவில் 1972-இல் தோற்றுவிக்கப்பட்ட இராசா இராம்மோகன்ராய் நூலக அறக்கட்டளை, தொண்டமைப்புகள் நடத்தும் பொது நூலகங்களுக்கும் நல்கை வழங்குகின்றதே. நம் மன்ற நூலகங்களினின்று அதற்கு விடுக்கப்பட்ட வேண்டுகை எத்தனை? உரிய பங்கு தரவில்லையென்று ஒருபுறம் முழங்கிக் கொண்டே, திறந்திருக்கும் சிறு கதவையும் தட்டாது விடுவது எவ்வகை அறிவுடைமை?

முன்னோர் இதில் நாணியதில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், நூல் வெளிவருமுன்னரே பலரிடம் கையொப்பம் பெற்றன்றோ அச்சுக்கூலி கண்டார்? 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் பாண்டித்துரைத் தேவர் போலும் வள்ளல்களின் தோளில் எழுந்தது. இன்று வள்ளல்கள் அருகினர். அவர் இருந்த இடத்தில் அறக்கட்டளையும் நிறுமமும் அரசுத் துறையும் அமர்ந்துள்ளன. வள்ளலின் வாயிலிற் பாடிப் பெற்றதை இன்று படிவத்தில் எழுதிப் பெறவேண்டியுளது, வேறுபாடு அவ்வளவே.

நிறுமச் செய்தியை நம்மவர் பலர் அறியார். 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறித்த வரம்புக்கு மேற்பட்ட நிறுமங்கள் தம் முந்தைய மூவாண்டு ஊதியச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் குமுகாயப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதித்தது. 2014 ஏப்பிரல் முதல் அது நடைமுறையில் உளது. எவ்வெப் பணிகளுக்குச் செலவிடலாம் என்னும் பட்டியலில் பொது நூலகம் அமைத்தலும், பண்பாட்டு மரபுகளைக் காத்தலும், மரபுக் கலை வளர்த்தலும் உள்ளன. நிறுமம் இயங்கும் சுற்றுப்புறத்திற்கே முதன்மை தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஓசூரிலும் திருப்பெரும்புதூரிலும் நம் நிலத்தையும் நீரையும் கொண்டு இயங்கும் ஆலைகள், அவ்வூர்த் தமிழ் நூலகத்திற்கு ஒரு கூரை போட்டுத் தருதல் ஈகையுமன்று, சட்டப்படியான கடமை.

வெளிநாட்டு நல்கைக்கும் ஒரு சான்று கூறுவேன். கோட்டையூர் உரோசா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்தபின் சிதறியிருத்தல் கூடும். சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்திரட்டை விலைக்கு வாங்கியது. வாங்கியும், அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லாது சென்னையிலேயே 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணக் காப்புத் திட்டமும் இந்நெறியினதே: மூலப்படி நாட்டைவிட்டு வெளியேறுதல் கூடாது, படிமங்களை எவரும் இலவசமாகக் காண இணையத்தில் இடவேண்டும். அந்நூலகமே அத்திட்டத்தின் நல்கையையும் பெற்றுத் தமிழ் அச்சுநூல்களைக் காத்துள்ளது. எவன் பணமாயினென்? தமிழ்த் தாள் சென்னையில் உளதா, செல்லுக்கிரையானதா என்பதே வினா.

இனி, நம்மவர் வேண்டுகை எழுதும் முறைக்கு வருவோம். இங்குத்தான் குறை மிகுதி. மன்றச் செயலாளர் பெரும்பாலும் புலவராயிருப்பார். அவர் எழுதத் தொடங்கினால் குமரிக்கண்டத்தினின்று தொடங்குவார். நான்கு பக்கம் தமிழின் தொன்மையைப் பாடுவார். ஐந்தாம் பக்கத்தின் அடியில், "ஆகவே தாங்கள் இயன்ற பொருளுதவி செய்க" என்று முடிப்பார். கொடுப்போன் அறிய விரும்புவது தமிழ் எவ்வளவு தொன்மையானது என்பதையன்று. உங்களிடம் எத்தனை தொகுதிகள் உள? அவற்றுள் எத்தனை வேறெங்கும் கிடையாதவை? ஒரு நாளில் எத்தனை பக்கம் ஒளிப்படம் எடுக்கவியலும்? யார் எடுப்பார், அவர்க்கு மாதச் சம்பளம் என்ன? பணி எத்திங்களில் முடியும்? நல்கை நின்றபின் கட்டடத்தையும் கணிப்பொறியையும் யார் பேணுவார்? இவ்வினாக்களுக்கு எண்ணில் விடை வேண்டும். 'ஏராளமான அரிய நூல்கள்' என்பது விடையாகாது. 'தனித்தமிழ் இதழ்த் தொகுதிகள் இத்தனை, அவற்றுள் இத்தனை பக்கம் ஒடிந்துள்ளன' என்பதே விடை. இறுதி வினாவே பலரை வீழ்த்துவது. நல்கையைக் கொண்டு நல்கையையே எதிர்நோக்கி வாழும் அமைப்புக்கு எவனும் இரண்டாம் முறை கொடான்.

இவற்றிற்குமுன் இருக்கவேண்டிய தாள்கள் சில. பதிவுச் சான்று, வருமான வரித்துறைப் பதிவு, கொடையாளர்க்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் ஒப்புதல், மூவாண்டுக் கணக்காய்வு அறிக்கை. வெளிநாட்டுப் பணமெனின் தனிப்பதிவு வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அப்பணம் புதுதில்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையின் வழியாகவே வருதல் வேண்டும். ஆளுகைச் செலவும் நூற்றுக்கு இருபதைத் தாண்டலாகாது. ஆண்டிப்பட்டி மன்றமாயினும் தில்லியிற் கணக்குத் திறக்க வேண்டுமென்பது எத்துணைக் கொடுமை! அதனை எதிர்த்துப் போராடுக. போராடிக்கொண்டே கணக்கையும் திறக்க.

நல்கையில் இடரே இல்லையென்று யான் கூறேன். பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலியை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டரசு 1974-இல் அதற்கெனத் தனி இயக்ககம் அமைத்து அவரை இயக்குநராக்கியது. 1981-இல் அவர் மறைந்தார். முதன்மடலம் வெளிவந்தது 1985-இல். 31 பகுதிகளும் முற்றியது 2011-இல். தாம் வாழ்நாளெல்லாம் சுமந்த நூலின் ஒரு மடலத்தையேனும் அச்சிற் காணாமலே அப்பெருமகன் சென்றார். அரசுப் பணத்தோடு கோப்பும் வரும், காலந்தாழ்ப்பும் வரும். ஆயினும் அப்பணமின்றி 31 பகுதிகளும் முற்றியிருக்குமா என்பதையும் நடுநின்று எண்ணல் வேண்டும். என் கருத்து இது: மன்றத்தின் அன்றாட வாழ்வு உறுப்பினர் கட்டணத்திலும் அன்பர் சிறுகொடையிலும் நடத்தல் வேண்டும்; நல்கை, தொடக்கமும் முடிவுமுள்ள தனிப்பணிக்கே ஆதல் வேண்டும். அப்பொழுதுதான் நம் கொள்கைக்கு மாறான நிறைவுரை எழுதச் சொல்பவனிடம் 'வேண்டா' என்று திருப்பியனுப்பும் துணிவு நமக்கிருக்கும். ஆர்வர்டுத் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலக்கம் தாலரும் இவ்வாறு கலந்தே சேர்ந்தன; மருத்துவர் இருவர் தொடங்கி வைத்தனர், தமிழ்நாட்டரசு 2017-இல் 10 கோடி உருபா அறிவித்தது, உலகத் தமிழர் சிறுதுளியாய்ச் சேர்த்தனர், 2018-இல் நிறைவெய்தியது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு அவ்வளவும் திரட்டிய தமிழர்க்கு, உள்ளூர் நூலகத்தின் ஒழுகும் கூரை கண்ணிற் படாதது வியப்பே.

மொழித்தடை ஒன்றுண்டு. ஒன்றியத் துறைகளின் படிவங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகின்றன. தமிழில் எழுதிய வேண்டுகையைத் தமிழ்நாட்டு மாவட்டத்திலேயே ஏற்கும் ஏற்பாட்டை மாநில அரசு செய்தல் வேண்டும். இதனை இயக்கம் ஒரு கோரிக்கையாகவே எழுப்பலாம். அதுகாறும், மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற வங்கியாளர் ஒருவர், கணக்காய்வாளர் ஒருவர், ஆங்கிலப் பயிற்சியுள்ள ஆசிரியர் ஒருவர் என மூவர் கொண்ட நல்கைக் குழு அமைப்போம். ஒரு குழு பத்து மன்றங்களுக்கு எழுதித் தரவியலும்.

அக்குழு முதலிற் செய்யவேண்டுவது, தமிழ்நாட்டுக் கழகங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிந்த மன்றங்கள் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளர்க்கு அளிக்கவேண்டிய கணக்கினை அளித்துள்ளனவா என்று பார்ப்பதே. அளிக்காதன, வரும் திங்களுக்குள் நிலுவையைச் செலுத்திப் பதிவை மீட்கட்டும்.