ஓயாமல் சொறியும் குட்டி நாய்



பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஈப்போவில் வேலை பார்க்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கிய சிட்சூ சாதி நாய், அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததாம். மூன்றாம் மாதமே சொறிய ஆரம்பித்துவிட்டது. வாலடியில் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. இரவெல்லாம் பலகைத் தரையில் காலைத் தட்டித் தட்டிச் சொறியும் சத்தத்தில் யாருக்கும் தூக்கமில்லை. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகும் கணவர், "டவுன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்" என்கிறார். பேத்தி நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, லாரியிலிருந்து இறக்கிய மின்யாக் ஹித்தாம் ஒரு டின் தருகிறேன், பூசிவிடு என்கிறார். "பூசலாமா?" என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

பூசாதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசுவோம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு எண்ணெய் பூசுவது நம் தோட்டங்களில் பல காலமாக இருந்து வரும் பழக்கம். பூசினால் சில நாய்களுக்குச் சொறி அடங்குவதும் உண்மைதான். தோலிலுள்ள பூச்சிகள் எண்ணெயில் மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் நாய் சும்மா இருக்குமா? உடம்பை நக்கும். இயந்திரத்தில் ஓடித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் தூளும் எரிந்த கழிவும் கலந்திருக்கும். அவை வயிற்றுக்குள் போகும், புண் வழியாகவும் உடம்பில் இறங்கும். நக்கியதை வாந்தியெடுக்கும்போது எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் பிழைப்பது கடினம். பிழைத்த நாயைத்தான் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள், செத்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்ணெண்ணெயும் அப்படியே. தோலை வேகவைத்துவிடும். ஏற்கெனவே பூசியவர்கள் பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புத் திரவம் போட்டு, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நக்கிவிட்டதே என்று வாந்தியெடுக்க வைக்காதீர்கள்.

காட்டுக்கு அடிக்கும் பூச்சி மருந்தையும் களை மருந்தையும் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவோரும் உண்டு. வேண்டவே வேண்டாம். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் எங்காவது மூலையில் கிடந்தால் அது நாய்க்கு மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளைகளுக்கும் எமன். இன்னொன்று, மாட்டுக்குப் போடும் பூச்சி ஊசி மருந்து. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மாட்டுக்கென்று செய்த மருந்தை நான்கைந்து கிலோ நாய்க்குக் கண்ணளவாகப் போட்டால் ஒரு சொட்டு கூடினாலும் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? சொறி என்பது நோயின் பெயரல்ல, காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அடையாளம். தெள்ளு கடித்தாலும் சொறியும், சிரங்குப் பூச்சி துளைத்தாலும் சொறியும், தின்ற உணவு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சொறியும். காரணம் தெரியாமல் மருந்து மாற்றி மருந்து பூசினால் பணம்தான் கரையும். எங்கே சொறிகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

வாலடி, இடுப்பு, பின் தொடை. இந்த மூன்று இடத்தில் கடித்துக் கடித்து முடி போயிருந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சிமேல்தான். "என் நாயின் உடம்பில் ஒரு தெள்ளுகூட இல்லையே" என்பீர்கள். இருக்காது. தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இரண்டு மூன்று கடி போதும், பல நாள் சொறியும். டாக்டர்கள் அலர்ஜி என்று சொல்லும் ஒவ்வாமை இதுதான். அது சொறியும் வேகத்தில் தெள்ளையும் பிடித்துத் தின்றுவிடும், நம் கண்ணுக்குப் படாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியின்மேல் நாயை நிற்க வைத்து, பேன் சீப்பால் வாலடியை வாருங்கள். மிளகுத் தூள்போல உதிர்ந்தது துணியில் பட்டுச் செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண்ணல்ல, தெள்ளின் எச்சம். நாயிடம் குடித்த இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

நாயின்மேல் இருப்பது தெள்ளுக் கூட்டத்தில் சிறு பங்குதான். பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை கூட இடும். முட்டைகள் வழுவழுப்பானவை, நாய் உதறினால் படுக்கை, பாய், சோபா எங்கும் சிந்தும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து பலகை இடுக்கிலும் வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணிலும் ஒளியும். பிறகு கூடு கட்டி அதற்குள் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால்தான் வெளியே குதிக்கும். தைப்பூசத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போய்த் திரும்பிய அன்று காலெல்லாம் கடித்ததாகச் சிலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. அது படுக்கும் சாக்கையும் துணியையும் வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். பலகை இடுக்குகளைக் கூட்டி, முடிந்தால் தூசு உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்து, குப்பையைக் கட்டி அன்றே எறிந்துவிடுங்கள். வீட்டில் எத்தனை நாய் பூனை உண்டோ அத்தனைக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுக்க வேண்டும்.

இப்போது மிருக வைத்தியரிடம் தெள்ளு, உண்ணி இரண்டையும் கொல்லும் மாத்திரைகள் கிடைக்கின்றன. மாதம் ஒன்று கொடுக்கும் வகை உண்டு, ஒன்று கொடுத்தால் பன்னிரண்டு வாரம் வரை நிற்கும் வகையும் உண்டு. எடைக்கேற்ற அளவில் வருவதால் நாயை நிறுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தில் ஊற்றும் மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற ஒன்று இருக்கிறது. நாய்க்குத் தாங்கும், பூனைக்கு அது விஷம். நாய் மருந்தைப் பூனைமேல் ஊற்றிவிடாதீர்கள். மேல்நாட்டுப் புத்தகங்களில் குளிர்காலத்தில் மருந்தை நிறுத்தலாம் என்று எழுதியிருப்பார்கள். நமக்கு ஏது குளிர்காலம்? இங்கே வருடம் முழுவதும் தெள்ளுக்குத் திருவிழாதான்.

சரி, சொறி வாலடியில் இல்லை, காது ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்கிச் செதில் செதிலாக உரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் நாயைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்கும் வயிற்றிலும் கையிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து அரிக்கிறது என்றால், அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள் துளைத்துக்கொண்டு போகும். நாய்ச் சிரங்குப் பூச்சி மனித உடம்பில் பெருகுவதில்லை. நாய்க்குச் சரியான மருந்து கொடுத்துவிட்டால் பிள்ளையின் அரிப்பும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆயினும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிரங்கு வேறு ஒன்று உண்டல்லவா? எது என்று பார்க்கப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். பிள்ளைக்குத் தந்த களிம்பை நாய்க்குத் தடவ வேண்டாம், நக்கிவிடும்.

வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படையாக இருக்கலாம். அதுவும் பிள்ளைகளுக்கு ஒட்டும்.

குளிப்பாட்டும் விஷயத்தில் நம் தாய்மார்களோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. நாய் சொறிந்தால் அழுக்கு என்று எண்ணி, துணி சோப்பும் தரை கழுவும் மருந்தும் போட்டுத் தினமும் தேய்க்கிறார்கள். தோலிலுள்ள எண்ணெய்ப் பசை போய், வறண்டு, அரிப்பு இன்னும் கூடுகிறது. வாரம் ஒரு முறை, நாய்க்கென்று செய்த ஷாம்பு போதும். முடி எண்ணெய்ப் பிசுக்காகி, புளித்த வாடை அடித்து, கால் விரலிடுக்கு சிவந்திருந்தால் காளான் வகைக் கிருமி சேர்ந்திருக்கிறது என்று பொருள். நம் புழுக்கத்தில் சிட்சூ போன்ற அடர்முடி நாய்களுக்கு இது சாதாரணம். அதற்கான மருந்து ஷாம்புவை நுரைக்க விட்டுப் பத்து நிமிடம் பொறுத்துத்தான் கழுவ வேண்டும். போட்டவுடன் ஊற்றிக் கழுவினால் காசைச் சாக்கடையில் ஊற்றியது போலத்தான். பிறகு விரலிடுக்கு, காது மடல், அக்குள் எல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வேப்பிலை ஊறிய நீரில் அலசுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிச் சிரங்கை வளர விடாதீர்கள்.

பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை, இருந்தும் வருடம் பூராவும் பாதத்தை நக்குகிறது, காது அடிக்கடி சீழ் பிடிக்கிறது என்றால் உணவைப் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை நாய்களுக்கு அதிகமாக ஒத்துக்கொள்ளாமல் போகும் உணவுகள். இரத்தம் எடுத்துப் பார்த்து இதை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. இதுவரை தின்னாத ஓர் இறைச்சி அல்லது மீனையும் சோற்றையும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. குட்டியாக இருந்தால் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள். இது லயத்தில் எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் ஏழு வாரம் கட்டிக் காத்திருப்பீர்கள், எதிர்வீட்டுப் பையன் பாசத்தோடு ஒரு பிஸ்கட்டை வீசுவான், கதை முதலிலிருந்து தொடங்கும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெங்காயம் போட்ட குழம்பையும் சோற்றில் ஊற்றாதீர்கள். அது அரிப்புக்காக அல்ல, வெங்காயம் நாயின் இரத்தத்தையே கெடுக்கும்.

எல்லாம் பார்த்தும் அடங்காத நாய்கள் சில உண்டு. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கி, பாதம், அக்குள், அடிவயிறு, முகம் என்று அரிக்கும். வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சி, பூஞ்சை, புல் என்று கண்ணுக்குத் தெரியாதவை ஒத்துக்கொள்ளாத பிறவிக் குணம் அது. சிட்சூ, பக் போன்ற சாதிகளில் கூடுதலாகக் காணலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது முற்றிலும் தீராது, அடக்கி வைக்கலாம். பிரெட்னிசலோன் மாத்திரை மலிவு, இரண்டே நாளில் சொறி நிற்கும். அந்த மகிழ்ச்சியில் நீங்களே கடையில் வாங்கி மாதக்கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் தாகம், அளவு கடந்த பசி, ஊதிய வயிறு எல்லாம் வரும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்லாசிட்டினிப் என்ற மாத்திரை அரிப்பைக் குறிவைத்து அடக்குகிறது. ஒரு வயது நிரம்பாத நாய்க்கு ஆகாது, விலையும் கூடுதல். காட்டில் மருந்தடித்த அன்று வெளியே சுற்றிவிட்டு வரும் நாயின் பாதத்தையும் வயிற்றையும் வெறும் நீரில் கழுவித் துடைத்தாலே அரிப்பு ஓரளவு குறையும். இதற்குச் செலவில்லை.

பேராக் சகோதரிக்கு என் யோசனை இது: வாலடிப் புண் என்று எழுதியிருப்பதால் தெள்ளிலிருந்து தொடங்குங்கள். மார்க்கெட்டில் விடும் பேச்சை இரண்டு மாதம் தள்ளிப்போடும்படி கணவரிடம் கேளுங்கள், வீட்டில் வளர்ந்த சிட்சூ தெருவில் ஒரு வாரம் தாங்குவதே கடினம். மாவட்டக் கால்நடை இலாகா அலுவலகத்தில் விசாரித்தால் நாய்களைப் பார்க்கும் இடம் அருகில் எது என்று சொல்வார்கள். போகும் அன்று காலை குளிப்பாட்டாதீர்கள், தோலில் உள்ளதை வைத்தியர் அப்படியே பார்க்க வேண்டும். இதுவரை பூசிய மருந்துகளின் போத்தலோ அட்டையோ எதுவானாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் போவதானால் மூடியுள்ள காய்கறிக் கூடை நல்லது. மாத்திரை கொடுத்த மறுநாளே சொறி நிற்காது. புண் ஆறவும், பலகை இடுக்கில் மிச்சமிருக்கும் கூடுகள் எல்லாம் வெடித்து முடியவும் இரண்டு மாதம் வரை ஆகும், அதுவரை வாரந்தோறும் படுக்கையை வேகவைப்பதை விட்டுவிடாதீர்கள்.